மியாட்டா கிட் கார்: வலது திருப்பத்தில் முன்பக்கம் தள்ளுகிறது, இடது திருப்பத்தில் பின்பக்கம் கிளம்புகிறது. டிஃப் மாற்றினால் சரியாகுமா?

டல்லஸ்_ஓட்டி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. 1994 மியாட்டா (மஸ்டாவின் சிறிய ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைப் பிரித்து, அதன் எஞ்சின், கியர்பாக்ஸ், சப்ஃப்ரேம், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் எக்சோசெட் என்ற கிட்டில் (நாமே பொருத்திக்கொள்ளும் கார்ச் சட்டம்) ஏற்றியிருக்கிறேன். கதவு, கூரை, கண்ணாடி எதுவும் இல்லாத குழாய்ச் சட்டக் கார். எடை 700 கிலோ, நான் உட்கார்ந்தால் 780. இந்த சீசனில் இங்கே எஸ்சிசிஏ (அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கம்) நடத்தும் சோலோ ஆட்டோகிராஸில், அதாவது கோன் வைத்த தடத்தில் ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டும் போட்டியில், ஓட்டத் தொடங்கியிருக்கிறேன்.

நேர்கோட்டில் கார் பறக்கிறது. வளைவில்தான் பிரச்சினை. வலது பக்கம் இறுக்கமாகத் திருப்பினால் முன்பக்கம் கேட்கவே மாட்டேன் என்கிறது, ஸ்டியரிங்கை இன்னும் ஒடித்தாலும் நேராகவே தள்ளிக்கொண்டு போகிறது. இடது பக்கம் திருப்பும்போது நேர்மாறு: பின்பக்கம் சட்டென்று கிளம்புகிறது, உள்பக்கச் சக்கரம் சும்மா சுழன்று புகை விடுகிறது. ஸ்லாலமில் (வரிசைக் கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பகுதி) ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படி. தட்டிய கோன் ஒன்றுக்கு 2 விநாடி தண்டனை என்பதால் வேகமாகப் போயும் பலனில்லை.

இப்போது இருப்பது: மியாட்டாவுக்கென்று விற்கும் காயில்ஓவர் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த டாம்பர், அதாவது ஷாக் அப்சார்பர்), முன் 8, பின் 6 கிலோ/மி.மீ. ஸ்பிரிங். முன்னும் பின்னும் மியாட்டாவின் ஆன்டி-ரோல் பார் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்து, உடல் சாய்வதைக் குறைக்கும் கம்பி). ஓப்பன் டிஃப் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் முறுக்கைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல்). 205/50-15, 200 டிரெட்வேர் (தேய்மான எண்) டயர், காற்று 28 பிஎஸ்ஐ. கிளட்ச் வகை எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃப்) ஒன்று வாங்கலாம் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். அதையே போட்டுவிடட்டுமா?

கோன்வேட்டை

டிஃப் போடுங்கள், 225 அகலத்துக்கு டயரையும் மாற்றுங்கள். பிடிப்பு கூடினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முன்பக்கம் இன்னும் தடிமனான பார் போட்டால் உடல் சாய்வதும் குறையும்.

பழைய_கேரேஜ்

பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள் தம்பி. நீங்கள் எழுதியதில் பெரிய துப்பு ஒன்று இருக்கிறது: வலது திருப்பமும் இடது திருப்பமும் வேறு வேறு மாதிரி நடக்கின்றன. டிஃப், டயர், பார் இவற்றில் குறை என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் நடக்கும். ஒரு பக்கம் அண்டர்ஸ்டியர் (முன்பக்கம் தள்ளுவது), மறுபக்கம் ஓவர்ஸ்டியர் (பின்பக்கம் கிளம்புவது) என்றால் முதலில் பார்க்க வேண்டியது நான்கு மூலை எடை, அதாவது ஒவ்வொரு சக்கரத்திலும் நிற்கும் பாரம். தராசு கிடைக்குமா? சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஆட்டோகிராஸ் கூட்டத்தில் யாராவது ஒருவரிடம் நான்கு பலகைத் தராசு கட்டாயம் இருக்கும்.

எடை போடும்போது சிலவற்றை விட்டுவிடாதீர்கள். தரை மட்டமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பலகைக்கு அடியில் டைல்ஸ் துண்டு வைத்து மட்டம் பாருங்கள். ஆன்டி-ரோல் பார் இரண்டின் லிங்கையும் ஒரு பக்கமாவது கழற்றிவிடுங்கள். அது முறுக்கிக்கொண்டு இருந்தால் தராசு பொய் சொல்லும். டேங்கில் பந்தயத்தன்று எவ்வளவு பெட்ரோல் இருக்குமோ அவ்வளவு. டிரைவர் சீட்டில் உங்கள் எடை கட்டாயம் வேண்டும். வாட்டர் சாஃப்ட்னருக்குப் போடும் 40 பவுண்டு உப்பு மூட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும், நான்கைந்தை அடுக்கினால் போதும். டயர் காற்றையும் முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

எண்களை இங்கே போடுங்கள், பேசுவோம்.

டல்லஸ்_ஓட்டி

நன்றி அண்ணா. தராசு கிடைத்தது, நீங்கள் சொன்னபடியே செய்தேன். முன் இடது 203, முன் வலது 172, பின் இடது 198, பின் வலது 207. எல்லாம் கிலோ.

பழைய_கேரேஜ்

இதோ ஆள் அகப்பட்டுவிட்டான். முன் வலது, பின் இடது இரண்டையும் கூட்டுங்கள்: 370. மொத்தம் 780-இல் அது 47.4 சதவீதம். எதிர் மூலைவிட்டம் 410. நாற்காலியின் ஒரு கால் குட்டையாக இருந்தால் எப்படி எதிரெதிர் கால்களிலேயே பாரம் நிற்குமோ, அதுதான் இங்கே நடக்கிறது.

வலது பக்கம் திரும்பும்போது வெளிப்பக்கம் இருப்பது முன் இடது. அதில் ஏற்கெனவே பாரம் அதிகம், உள்பக்கப் பின் சக்கரமான பின் வலதிலும் அதிகம். அதனால் முன்பக்கம் தள்ளுகிறது. இடது பக்கம் திரும்பும்போது உள்பக்கப் பின் சக்கரம் பின் இடது. அதில் பாரம் குறைவு, அதனால் அது சுழல்கிறது, பின்பக்கம் கிளம்புகிறது. நீங்கள் சொன்ன இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான்.

முன் வலதும் பின் இடதும் அரைச் சுற்று ஏற்றுங்கள். முன் இடதும் பின் வலதும் அரைச் சுற்று இறக்குங்கள். நான்கையும் சேர்த்துச் செய்தால் காரின் உயரம் மாறாது. ஒவ்வொரு முறையும் காரை அமுக்கிவிட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பிறகு தராசைப் பாருங்கள். சஸ்பென்ஷன் தன்னிலைக்கு வராமல் எண் சரியாக வராது. 390-க்கு 390 வரும்வரை போங்கள். உங்களுடையது அடிப்பகுதியைத் திருப்பி நீளம் மாற்றும் காயில்ஓவர் என்றால் அந்த அடிப்பகுதியைத்தான் திருப்ப வேண்டும், ஸ்பிரிங்கை இறுக்கக் கூடாது.

இடது பக்கம் மொத்தம் 401, வலது பக்கம் 379 என்று இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தால் வருவது, ஸ்பிரிங் திருப்பி மாற்ற முடியாது. பேட்டரியை வலது பக்கம் பின்னால் நகர்த்த இடமிருந்தால் நகர்த்துங்கள்.

மியாட்டா_94

மூலை எடை பற்றி அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் உள்பக்கச் சக்கரம் சுழல்வது அதோடு நிற்காது என்று நினைக்கிறேன். ஸ்பிரிங் கணக்கைப் பாருங்கள்.

மியாட்டாவின் முன்பக்கம் மோஷன் ரேஷியோ தோராயமாக 0.7, பின்பக்கம் 0.8 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒருமுறை அளந்துவிடுங்கள்: சக்கரம் 50 மி.மீ. ஏறும்போது டாம்பர் எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்த்தால் போதும். அந்த எண்ணின் வர்க்கத்தால் ஸ்பிரிங்கைப் பெருக்கினால் சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு. முன்பக்கம் 8 கிலோ/மி.மீ. என்பது 78.5 நியூட்டன்/மி.மீ. 0.49-ஆல் பெருக்கினால் 38.5.

முழு மியாட்டாவில் முன் மூலை ஒன்றுக்குச் சக்கரம், பிரேக் எல்லாம் கழித்து 250 கிலோ ஸ்பிரிங் மேல் நிற்கும். அதில் இந்த ஸ்பிரிங் கிட்டத்தட்ட 2 ஹெர்ட்ஸ், அதாவது உடல் விநாடிக்கு 2 தடவை மேலும் கீழும் ஆடும். ஆட்டோகிராஸுக்கு அருமையான எண். உங்கள் காரில் அதே மூலையில் நிற்பது 157 கிலோதான். அதே ஸ்பிரிங் இங்கே 2.5 ஹெர்ட்ஸ் ஆகிவிடுகிறது. டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைக் கீழே அழுத்தும் விசை) இல்லாத காருக்கு, அதுவும் ஒட்டுப்போட்ட கார் பார்க்கிங் தளத்தில், இது ரொம்ப விறைப்பு. டயர் தரையில் நிற்காமல் துள்ளும்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். பின்பக்க ஸ்பிரிங் உங்கள் காரின் பாரத்தில் அமுங்குவது சக்கரக் கணக்கில் 45 மி.மீ. மட்டும். அதாவது உடல் அந்த மூலையில் 45 மி.மீ. எழும்பினால் அந்தச் சக்கரத்தில் ஸ்பிரிங் தரும் பாரமே இல்லை. அதோடு பின்பக்க பாரும் சேர்ந்து உள்பக்கச் சக்கரத்தை மேலே இழுக்கிறது. அதனால்தான் புகை.

என் யோசனை: முன் 300, பின் 250 பவுண்டு/அங்குலம் ஸ்பிரிங். முன்னும் பின்னும் 2 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வரும், பின் சக்கரம் கீழே இறங்க இருக்கும் இடம் 60 மி.மீ. ஆகும். பின்பக்க பாரைக் கழற்றி வீட்டில் வையுங்கள். முன்பக்க பார் இருக்கட்டும். ஸ்பிரிங் வாங்கும் முன் உள்விட்டத்தை அளந்துவிடுங்கள். அமெரிக்கக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 2.5 அங்குலம், சில காயில்ஓவர்கள் 65 மி.மீ. கணக்கில் வரும். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் சரியாக உட்காராது.

கோன்வேட்டை

ஸ்பிரிங் மென்மையானால் கார் சாய்ந்து கேம்பர் (சக்கரத்தின் சாய்வுக் கோணம்) எல்லாம் போய்விடாதா? அப்புறம் எல்எஸ்டி வேண்டாம் என்கிறீர்களா?

மியாட்டா_94

சாயும், ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. கூரை, கண்ணாடி, கதவு எதுவும் இல்லாததால் இந்தக் காரின் எடை மையம் தாழ்வாக இருக்கிறது. எடையும் குறைவு. சாய்க்கும் விசையே குறைந்துபோகிறது. நிறுத்தும் கேம்பர் முன் 2.5, பின் 2 டிகிரி நெகட்டிவ் வைத்தால் போதும்.

எல்எஸ்டி வேண்டாம் என்று சொல்லவில்லை, முதலில் வேண்டாம் என்கிறேன். 1994-இலிருந்து 1.8 எஞ்சின் மியாட்டாவில் டார்சன் என்ற பல்சக்கர வகை எல்எஸ்டி கிடைத்தது. பழைய சாமான் கடையில் தேடினால் உங்கள் காருக்கு அப்படியே பொருந்தும். ஆனால் டார்சன் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். பிடிப்புக் குறைந்த சக்கரம் தாங்கும் முறுக்கைப் பெருக்கித்தான் மறு சக்கரத்துக்குக் கொடுக்கும். சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டால் அது தாங்குவது பூஜ்யம். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். கிளட்ச் வகை அந்த நிலையிலும் தள்ளும், ஆனால் ஏற்கெனவே முன்பக்கம் தள்ளும் காரில் இரண்டு பின் சக்கரங்களையும் பூட்டினால் திரும்புவது இன்னும் கஷ்டமாகும். சக்கரத்தைத் தரையில் நிறுத்துங்கள், பிறகு டிஃப் பற்றி யோசிக்கலாம்.

பழைய_கேரேஜ்

225 டயர் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டோகிராஸ் ஓட்டம் ஒரு நிமிடம் சொச்சம்தான். 780 கிலோ கார் அந்த நேரத்துக்குள் அகலமான டயரைச் சூடாக்கவே முடியாது. கனமான காரில் 225 வேகமாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 205-இலேயே இருங்கள், அடுத்த செட் வாங்கும்போது குளிரிலேயே பிடிக்கும் யோகோஹாமா ஏ052 மாதிரி ஒன்றைப் பாருங்கள்.

28 பிஎஸ்ஐ உங்கள் காருக்கு ரொம்ப அதிகம். மியாட்டாவுக்கே மஸ்டா சொன்னது 26. 22-இல் தொடங்குங்கள். டயரின் தோளிலிருந்து பக்கச்சுவர் வரை சாக்பீஸால் கோடு போடுங்கள். டயர் விளிம்பில் இருக்கும் சிறு முக்கோணக் குறிக்கு மேலேயே சாக்பீஸ் அழியாமல் நின்றால் காற்று அதிகம். முக்கோணத்தைத் தாண்டிக் கீழேயும் அழிந்திருந்தால் குறைவு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு பாருங்கள், ஒரு பிஎஸ்ஐ கூட்டுங்கள் குறையுங்கள்.

டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு): முன்பக்கம் மொத்தம் 1.5 மி.மீ. வெளியே, பின்பக்கம் அதே அளவு உள்ளே. பின்பக்க டோ வெளியே போகவே கூடாது, அதை மட்டும் இரண்டு தரம் அளந்து பாருங்கள். ஸ்பிரிங் மாற்றியதும் டாம்பர் தண்டில் ஒரு ஜிப் டை கட்டிவிடுங்கள். ஓட்டம் முடிந்ததும் அது எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பம்ப் ஸ்டாப்பில் (டாம்பர் முழுக்க அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். டாம்பர் 8 கிலோ ஸ்பிரிங்குக்காக அமைத்தது, அதனால் அதன் விறைப்பை மாற்றும் கிளிக்கைக் கிட்டத்தட்ட கடைசி மென்மைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து ஏறுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். மூலை எடையும் காற்றும் முதலில். செலவே இல்லை.

டல்லஸ்_ஓட்டி

எல்லோருக்கும் நன்றி. முதலில் மூலை எடையும் காற்றும் மட்டும் சரிசெய்து ஒரு நிகழ்ச்சி ஓட்டினேன். 391-க்கு 389 வரை கொண்டுவர முடிந்தது. வலது இடது வித்தியாசம் அங்கேயே போய்விட்டது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி லேசாகத் தள்ளியது. உள்பக்கச் சக்கரம் சுழல்வது குறைந்தது, ஆனால் போகவில்லை.

அடுத்து 300/250 ஸ்பிரிங், பின் பார் இல்லாமல். இப்போது வளைவின் நடுவிலேயே ஆக்சிலரேட்டரை மிதிக்க முடிகிறது. ஸ்லாலமில் பின்பக்கம் எங்கே இருக்கிறது என்று இருக்கையிலேயே தெரிகிறது. ஜிப் டை பம்ப் ஸ்டாப்பைத் தொடவில்லை. காற்று முன் 21, பின் 20-இல் நிற்கிறது. டிஃப் பணம் அப்படியே இருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும். நாளின் முதல் ஓட்டத்தில் முன்பக்கம் கொஞ்சம் தள்ளுகிறது, அடுத்தடுத்த ஓட்டங்களில் சரியாகிவிடுகிறது. இதற்கு முன்பக்கம் ஏதாவது மாற்ற வேண்டுமா?

பழைய_கேரேஜ்

மாற்ற வேண்டாம். அது டயர் குளிர்ந்திருப்பதால் வருவது. முதல் ஓட்டத்துக்காக முன்பக்கத்தைக் கூர்மையாக்கினால் சூடான பிறகு பின்பக்கம் மறுபடி கிளம்பும். முதல் ஓட்டத்தில் பிரேக்கைக் கொஞ்சம் உள்ளே வரைக்கும் பிடித்து, முன் டயரில் பாரம் இருக்கும்போதே திருப்புங்கள். ஓட்டங்களுக்கு நடுவில் காரை வெயிலில் நிறுத்துங்கள், முன் சக்கரங்கள் வெயில் பார்த்து இருக்கட்டும். டெக்சாஸ் கோடை வந்துவிட்டால் இதுவும் தேவைப்படாது, அப்போது டயரில் தண்ணீர் தெளிக்க ஒரு ஸ்பிரேயர் எடுத்துப் போங்கள்.