மெஷினை எழுப்பப் போய் நாம் முழித்த கதைகள் (இணைய மன்றத் திரி; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

நாற்பது பெட்டி

ஏஎம்டி (AMT) தெரியாதவர்களுக்கு ஒரு வரி: விண்டோஸ் படுத்துவிட்டாலும் நெட்வொர்க் வழியாக மெஷினை ஆன் ஆஃப் செய்ய, திரையைப் பார்க்க இன்டெல் தரும் வசதி. அந்த வசதி உள்ள நாற்பது வி-ப்ரோ டெஸ்க்டாப். ஒவ்வொன்றிலும் பூட் ஆகும்போது கண்ட்ரோல் பி (Ctrl+P) அழுத்தி, ஏஎம்டியின் செட்டிங் பக்கமான எம்இபிஎக்ஸுக்குள் போய், 'அட்மின்' என்ற பாஸ்வேர்டை மாற்றி, நெட்வொர்க் ஆக்சஸைத் திறந்துவிட வேண்டும். முதல் பெட்டி முடிந்ததும் அதிலேயே விண்டோஸைத் திறந்து, பிரவுசரில் அதன் ஐபி முகவரியையும் ஏஎம்டியின் போர்ட் எண்ணான 16992-ஐயும் அடித்தேன். பக்கம் வரவில்லை. ஃபயர்வாலை அணைத்தேன். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன். சீமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். பாஸ்வேர்டு பழையபடி 'அட்மின்' ஆகிவிட்டது, மறுபடி முதலிலிருந்து.

மூன்று மணிக்கு, பயிற்சிக்கு வந்திருந்த பையன் தன் லேப்டாப்பில் அதே முகவரியைத் தட்டிவிட்டு, "அண்ணா, லாகின் கேட்குது, என்ன போடணும்?" என்றான்.

ஒரு மெஷின் தன் ஐபிக்குத் தானே அனுப்பும் பாக்கெட் வயருக்கே வராது, விண்டோஸுக்குள்ளேயே சுற்றித் திரும்பிவிடும். ஏஎம்டியோ கீழே, நெட்வொர்க் சிப்புக்கு வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுக்காகக் காத்திருக்கிறது. இது எனக்குத் தெரியும். தெரிந்தே ஐந்து மணி நேரம். அவனிடம் "இப்பதான்டா சரி பண்ணினேன்" என்று சொல்லிவிட்டேன். உறுத்துவது அதுதான்.

ராத்திரி ஷிப்ட்

அந்தப் பையனுக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுங்கள்.

என் கதை ஆறு இலக்கம். கிளை அலுவலக மெஷின்கள் எல்லாவற்றையும் விண்டோஸில் இருந்தபடியே டூல் வைத்து ஏஎம்டியை ஆக்டிவேட் செய்திருந்தேன். பயாஸ் பக்கம் போகவே வேண்டாம், பத்து நிமிட வேலை என்று பெருமை வேறு. அப்படிச் செய்தால் பாதி அதிகாரமே தரும் கிளையன்ட் கண்ட்ரோல் மோடில்தான் நிற்கும். பவரை ஆன் ஆஃப் செய்யலாம், ஆனால் கேவிஎம்மில் (தூரத்திலிருந்தே திரை, கீபோர்டு, மவுஸ்) திரையைப் பார்க்க வேண்டுமானால் அந்த மெஷினின் மானிட்டரில் ஆறு இலக்க எண் ஒன்று வரும், அங்கே உட்கார்ந்திருப்பவர் அதைப் படித்துச் சொல்ல வேண்டும்.

ராத்திரி இரண்டரை மணி. பில்லிங் மெஷின் நீலத் திரையில் நிற்கிறது. அங்கே உட்கார யார் இருக்கிறார்கள்? வாட்ச்மேன் ஐயாவை எழுப்பினேன். சாவி தேடி, உள்ளே போய், லைட் போட்டு, மானிட்டரை ஆன் செய்வதற்குள் முதல் எண் காலாவதி. இரண்டாவது எண்ணை அவர் கண்ணாடி இல்லாமல் படித்தார். "நாலு... ஒன்பது... அடுத்தது ஆறா எட்டான்னு தெரியல தம்பி." ஆறு என்று அடித்தேன், எட்டாம். மூன்றாவது எண்ணில் உள்ளே போனேன். "ஸ்கிரீன் ஓரத்துல சிவப்பும் மஞ்சளுமா மின்னுது, வெடிக்குமா தம்பி?" என்று கேட்டார். கேவிஎம்மில் ஆள் உள்ளே இருப்பதற்கான அடையாளம் அது. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே பயந்திருந்தார். போன் முடியும்வரை கதவுப் பக்கமாகத்தான் நின்றிருக்கிறார்.

பிகேஐ பிரியன்

முதல் பதிவரிடம் மன்னிக்கச் சொல்லிவிட்டுச் சொல்கிறேன்: நாற்பது பெட்டிக்குக் கையால் கண்ட்ரோல் பி அடிப்பதே தப்பு. ராத்திரி ஷிப்ட் செய்தது அதைவிடத் தப்பு.

என் அனுபவம் இரண்டு வரிதான். எல்லா மெஷினுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தேன். அது தெரிந்த ஒருவர் வேலையை விட்டுப் போனார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முழு அதிகாரம் தரும் அட்மின் கண்ட்ரோல் மோடுக்குப் போங்கள். அதில் ஆறு இலக்கத் தொல்லையை நாமே நிறுத்திவைக்கலாம். போவதற்கு மூன்று வழி: கையால், யூஎஸ்பியில் செட்டப் ஃபைல் போட்டு, இல்லையென்றால் டிஜிட்டல் சர்ட்டிஃபிகேட் (பிகேஐ). சர்ட்டிஃபிகேட் வழி என்றால் டிஎச்சிபியில் (மெஷின்களுக்கு ஐபி வழங்கும் சேவை) ஆப்ஷன் 15 கொடுக்கும் டொமைன் பெயரும் சர்ட்டிஃபிகேட்டில் உள்ள டொமைனும் பொருந்த வேண்டும், கேபிளும் செருகியிருக்க வேண்டும், வைஃபையில் நடக்காது. ஒவ்வொரு மெஷினுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு. 16992 குறியாக்கம் இல்லாத எச்டிடிபி, அதை விட்டு, குறியாக்கம் உள்ள 16993-க்கு வாருங்கள். பழைய ஃபர்ம்வேர் குறியாக்க முறையான டிஎல்எஸ்ஸில் 1.0, 1.1-ஐத் தாண்டாது, புது பிரவுசர் அதை ஏற்காது, அதற்காகத் திரும்ப 16992-க்கு ஓடாதீர்கள்.

2017 மே மாதம் வெளியான ஏஎம்டி ஓட்டையை மறந்துவிட்டீர்களா? லாகினில் அனுப்பும் விடையை எவ்வளவு நீளத்துக்கு ஒப்பிட வேண்டும் என்பதை, வந்த விடையின் நீளத்தை வைத்தே முடிவு செய்திருந்தார்கள். வெற்று விடை அனுப்பினால் பூஜ்ஜியம் எழுத்தை ஒப்பிட்டு 'சரி' என்று கதவைத் திறந்துவிட்டது. ஏஎம்டி பதிப்பு 6 முதல் 11.6 வரை இந்த ஓட்டை. இத்தனைக்கும் இதெல்லாம் ஓஎஸ்ஸுக்குக் கீழே நடப்பது, ஆன்டிவைரஸுக்குத் தெரியவே தெரியாது. எம்இபிஎக்ஸில் 'அட்மின்' என்று விட்டுவைத்த லேப்டாப் உங்களிடம் ஒன்றாவது இருக்கும். பயாஸுக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தாலும் கண்ட்ரோல் பி வழியாக உள்ளே போகலாம் என்று பாதுகாப்பு நிறுவனமான எஃப்-செக்யூர் 2018 ஜனவரியில் சொன்னது.

ராத்திரி ஷிப்ட்

தலைவரே, எங்களிடம் மொத்தம் ஒன்பது மெஷின். ஒன்பதுக்கு சர்ட்டிஃபிகேட் கேட்டால் எங்கள் முதலாளி என்னைத்தான் ஆஃப் செய்வார்.

கேபிள்காரன்

டெஸ்க்டாப் இல்லை, சர்வர். சொல்லலாமா? பிஎம்சிக்கு (சர்வரைத் தூரத்திலிருந்து இயக்க உதவும் சிப்) தனி போர்ட், தனி சுவிட்ச், எல்லாம் ஒழுங்கு. ஒரு முறை கரண்ட் போய் வந்தது, பிஎம்சி காணவில்லை. தனி போர்ட்டில் விளக்கு எரிகிறது, பிங் இல்லை. இரண்டு நாள் கழித்து விருந்தினர் வைஃபையின் டிஎச்சிபி பட்டியலை வேறு எதற்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய போனோ என்று தாண்டப் பார்த்த வரியில் எங்கள் சர்வர் போர்டின் மேக் முகவரி (நெட்வொர்க் அடையாள எண்).

நடந்தது இது. பிஎம்சியின் லேன் மோட் 'ஃபெயில்ஓவர்' என்று இருந்தது. கரண்ட் வந்ததும் பிஎம்சி எழுந்துவிட்டது, சுவிட்ச் எழவில்லை. தனி போர்ட்டில் இணைப்பு இல்லை என்று பிஎம்சி முதல் லேன் போர்ட்டுக்குத் தாவிவிட்டது. அந்த போர்ட்டை விருந்தினர் நெட்வொர்க்கில் செருகிவைத்தவன் நான்தான், ஏதோ ஒரு நாள் சோதனைக்கு. இரண்டு நாளாக சர்வரின் பவர் பட்டன் வரவேற்பறை வைஃபையில் தொங்கிக்கொண்டிருந்தது, அதுவும் தயாரிப்பாளர் கொடுத்த பாஸ்வேர்டோடு. மோடை 'டெடிகேட்டட்' என்று மாற்றி, ஐபிஎம்ஐடூல் என்ற கமாண்டில் 'எம்சி ரீசெட் கோல்ட்' (பிஎம்சியை ரீஸ்டார்ட் செய்வது) கொடுத்ததும் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நாற்பத்தெட்டு

பிகேஐ பிரியன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அவர் விட்டது ஒன்று. கேவிஎம்மில் பயாஸுக்குள் போய் 'செக்யூர் பூட்' செட்டிங்கைத் தொட்டேன், அவ்வளவுதான். மெஷின் திரும்பி வந்து, டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கரின் மீட்பு எண் கேட்டது. ஆறு ஆறாக எட்டுத் தொகுதி, நாற்பத்தெட்டு இலக்கம். லைன் மந்தம், ஒரு எண்ணை அடித்தால் சில சமயம் இரண்டாக விழும். ஐந்தாவது தொகுதிக்கு வரும்போது என் மேலாளர் பின்னால் வந்து நின்று, "என்னப்பா, ஓடிபியா?" என்றார். தொடும் முன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்திருந்தால் அரை நிமிட வேலை.

நாற்பது பெட்டி

அந்தப் பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாகிவிட்டது, உண்மையையும் சொல்லிவிட்டேன். அவனுக்கு அன்றைக்கே தெரியுமாம்.

இன்னொன்று கேட்க வேண்டும். முப்பத்தொன்பது சரி. ஒன்றில் மட்டும் லாகின் ஆகிறது, பவர் வேலை செய்கிறது, கேவிஎம் மட்டும் கறுப்புத் திரை. மானிட்டர் ஆனில்தான் இருக்கிறது.

கேபிள்காரன்

தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறதா பாருங்கள். ஏஎம்டி கேவிஎம் பிராசஸருக்குள் இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸைத்தான் பார்க்கும்.

நாற்பது பெட்டி

இருக்கிறது. வரைகலைப் பிரிவுப் பெண்ணின் பெட்டி. கேபிளை மதர்போர்டு பக்கம் மாற்றலாமா என்று கேட்டேன், பார்த்த பார்வையிலேயே விட்டுவிட்டேன். முப்பத்தொன்பதே போதும்.