கணவரின் ஸ்கூட்டரை என் பெயருக்கு மாற்ற வேண்டும், வழி சொல்லுங்கள்

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். கணவர் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அவருடைய ஸ்கூட்டர் இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்து வைப்பேன், அவ்வளவுதான். போன வாரம் பார்த்தால் டயர் ரப்பரே வெடித்துக் கிடக்கிறது. என்னமோ வெட்கமாகிவிட்டது. விற்க மனசில்லை. நானே ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டேன். வயது 52, சிரிக்காதீர்கள்.

இறந்தவர் வண்டியை வாரிசு பெயருக்கு மாற்ற 31-ஆம் எண் படிவத்தை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டுமாம். நான் அதைத் தாண்டி எங்கேயோ வந்துவிட்டேன். இந்திராநகர் ஆர்டிஓவில் இப்படித் தாமதமாகக் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அபராதம் எவ்வளவு வந்தது? மகளின் சம்மதக் கடிதமும் கேட்டார்களா? இன்சூரன்ஸும் முடிந்துவிட்டது, முதலில் அதை எடுப்பதா, பெயரை மாற்றுவதா?

அப்புறம், ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்கும் பெண் யாராவது பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள். தமிழோ கன்னடமோ, எதுவானாலும் சரி. மகளிடம் மட்டும் கற்க முடியாது. அப்பாவின் கோபம் அப்படியே அவளுக்கு.