பழைய புத்தக முதுகுச் சீட்டில் இரண்டு புள்ளி: கிழித்துவிடலாமா?

தங்கச்சிமடம் வாசகி:
வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டிலிருந்து நாலு சாக்குப் பை நிறையப் புத்தகம் வந்தது. பாதிப் புத்தகங்களின் முதுகில் மையால் எழுதிய சீட்டு: ஆங்கில ஓ, பக்கத்தில் 31, அப்புறம் இரண்டு புள்ளி, மறுபடி எண்கள். புத்தகத்தைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் முறைகளில் எனக்குத் தெரிந்தது டூயி மட்டும்தான். இவற்றைக் கிழித்துவிட்டு டூயி எண் ஒட்டலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். சங்கின் உடலமைப்பு பற்றிய புத்தகம் 594இல் இருக்கிறது, சங்கு எடுக்கும் தொழில் 639.4இல், புயல் 551.55இல், தனுஷ்கோடி வரலாறு 954.82இல். முப்பது வருடம் சங்கு குளித்த என் அப்பா வந்து பார்த்துவிட்டு, "கடல் ஒண்ணுதானே, ஏன் நாலு அலமாரியில கிடக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ராமநாதபுரம் ஓய்வு நூலகர்:
கிழிக்காதேம்மா. அது கோலன் பகுப்பு எண், டூயி மாதிரி புத்தகத்தைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் இன்னொரு முறை. ஓ என்றால் இலக்கியம், 31 என்றால் தமிழ். யாரோ ஒருவர் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, யோசித்துப் போட்ட எண் அது.

அந்த முறையை உண்டாக்கியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். பயிற்சிக்கு லண்டன் போனபோது, ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்கிற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே திருகாணிகள். மாற்றி மாற்றி முடுக்கினால் விதவிதமான பொம்மை. புத்தக எண்ணையும் இப்படிப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. நூலாக வந்தது 1933இல்.

டூயி என்கிற அமெரிக்க நூலகர் 1876இல் செய்தது, எல்லாப் பாடத்துக்கும் முன்கூட்டியே அறை கட்டி வைத்தது. இரண்டு மூன்று சங்கதிகள் கலந்த புத்தகம் வந்தால் அந்த அறைகளில் எதில் போடுவது என்று திண்டாட்டம். ரங்கநாதன் துண்டுகளை மட்டும் கொடுத்தார். எல் மருத்துவம், 45 நுரையீரல், 421 காசநோய், 44 இந்தியா, என்5 என்றால் 1950கள். சேர்த்துப் பூட்டினால், அந்தக் காலத்தில் இந்தியாவில் நுரையீரல் காசநோய் என்று எண்ணே பேசும். முதலில் துண்டுகளை இணைக்க இரண்டு புள்ளி ஒன்றுதான் இருந்தது, அதற்கு ஆங்கிலத்தில் கோலன், அதனால்தான் அந்தப் பெயர். காற்புள்ளி, அரைப்புள்ளியெல்லாம் பிற்பாடு வந்தவை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் படித்து இரண்டு நாள் தூங்கவில்லை. நம்ம ஊர்க்காரர் ஒருவர் அறிவையே கழற்றி மாட்டிக் காட்டியிருக்கிறாரே என்று அவ்வளவு சந்தோஷம்.

கீழக்கரை வாசகர்:
ஐயா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். டூயியில் 200 முழுக்க மதம். அதில் 220 முதல் 280 வரை கிறித்தவத்துக்கே போய்விட்டது. இஸ்லாத்துக்கு 297, இந்து சமயத்துக்கு 294.5. மூன்று சமயத்தாரும் கலந்து வாழும் நம் கரையில் அந்த அலமாரியை அடுக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். எந்த எண்ணும் யாரோ ஒருவர் தன் ஊரில் நின்று பார்த்துப் போட்டதுதான்.

தங்கச்சிமடம் வாசகி:
நன்றி ஐயா, நன்றி அண்ணே. அப்படியானால் எல்லாவற்றையும் கோலனுக்கு மாற்றிவிடவா?

ராமநாதபுரம் ஓய்வு நூலகர்:
வேண்டாம். அறுநூறு, எழுநூறு புத்தகத்துக்கு டூயி போதும், உனக்குக் கைவந்ததும் அதுதான். பழைய சீட்டு அப்படியே இருக்கட்டும், அதற்குக் கீழே புது எண்ணை எழுது.

உன் அப்பா கேட்டது நல்ல கேள்வி. புத்தகம் ஒரு இடத்தில்தான் நிற்க முடியும், ஆனால் அது எங்கே இருக்கிறது என்று காட்டும் தேடல் அட்டை எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஒரு எண்ணின் ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் தேடுவதற்கான ஒரு தலைப்புச் சொல் எடுக்கும் வழியையும் ரங்கநாதன்தான் வகுத்தார், சங்கிலி முறை என்பார்கள். நீ அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு பெட்டியில் 'கடல்' என்று தலைப்பிட்டு அந்த நாலு புத்தகத்துக்கும் நாலு அட்டை எழுதி வை. சங்கு, புயல், தனுஷ்கோடி என்று தனித்தனியாகவும் எழுது. அப்பாவையே பக்கத்தில் உட்காரவைத்து, அவர் எந்தச் சொல்லால் தேடுவார் என்று கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.

அட்டைகளை நூலில் கோத்து வை. குண்டூசி குத்தாதே, நம் உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறித் தாளைத் தின்றுவிடும்.