'லாகின்' என்பது மாலுமிகளின் சொல்லா?

கேள்வி:
வங்கிச் செயலியில் நாள்தோறும் 'லாகின்' செய்கிறோம். ஆங்கிலத்தில் 'லாக்' என்றால் மரக்கட்டை. கட்டைக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று மகள் கேட்டபோது விடை சொல்லத் தெரியவில்லை. இது கப்பலிலிருந்து வந்த சொல் என்கிறார்களே, உண்மையா?

மறுமொழி 1:
உண்மைதான். பாய்மரக் கப்பலின் வேகத்தை அறிய, விளிம்பில் ஈயம் பதித்த மரப்பலகையைக் கயிற்றில் கட்டிப் பின்புறமாகக் கடலில் எறிவார்கள். பலகை நீரில் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்க, கப்பல் முன்னேற முன்னேற உருளையிலிருந்து கயிறு அவிழ்ந்தோடும். 28 நொடி மணற்கடிகாரம் வடிந்து முடிவதற்குள் கைவழியே எத்தனை முடிச்சுகள் நழுவின என்று எண்ணுவார்கள். முடிச்சுகளுக்கிடையே சுமார் 47 அடி இடைவெளி விட்டிருந்ததால், அந்த எண்ணிக்கையே மணிக்கு இத்தனை கடல்மைல் என்ற வேகமாகிவிடும். பெருக்கல் வகுத்தலே வேண்டாத இந்த ஏற்பாட்டை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன். கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' என்று சொல்வது அந்த முடிச்சுகளால்தான். அளவைக் குறித்துவைத்த ஏடு கட்டையின் பெயரால் 'லாக்புக்' ஆயிற்று. பின்னர் கணினிப் பதிவுகளும் அப்பெயரைப் பெற, உள்நுழைவது 'லாகின்' ஆனது.

மறுமொழி 2:
திகைத்துப்போவதைக் குறிக்கும் 'டேக்கன் அபேக்' என்பதும் அவ்வாறே. எதிர்க்காற்று பாயைப் பாய்மரத்தோடு அழுத்திக் கப்பலைத் தடுத்துவிடும் நிலை அது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பதும் கடல்மொழியா?

மறுமொழி 1:
இல்லை ஐயா, அது நெற்களத்துக்கு உரியது. தூற்றுவது பதரை நீக்கத்தான்.