ஜின்னில் டானிக் வாட்டர் கலக்கும்போது ரோஜா மணம் மறையாமல் இருக்க என்ன செய்யலாம்?

நண்பர்களே, ஹென்ட்ரிக்ஸ் என்ற ஜின் மதுவை அருந்துபவர்களின் யோசனை வேண்டும். 1999-இல் ஸ்காட்லாந்தின் கிர்வனில் பிறந்த இந்த ஜின்னில், வடித்தெடுத்த பிறகுதான் ரோஜா, வெள்ளரிச் சாறுகளைச் சேர்க்கிறார்கள். லண்டன் டிரை எனும் ஜின் வகையில் முன்னால் வந்து நிற்கும் ஜூனிபர் காயின் காட்டம் இதில் பின்வாங்கிவிடும்; பூவின் மென்மைதான் முதலில் மூக்கை எட்டும். எனக்கு மிகவும் பிடித்த குணம் அது. ஆனால் வழக்கமான டானிக் வாட்டரை ஊற்றியதும் அதிலுள்ள குவினைனின் கசப்பு மேலோங்கி, ரோஜா மறைந்துவிடுகிறது. வெள்ளரி மட்டும் மிஞ்சுகிறது. எலுமிச்சை பிழிந்தால் அதுவும் போய்விடுகிறது!

டானிக்கைக் குறைப்பதா, பாதி சோடா கலப்பதா? எல்டர்ஃப்ளவர் பூமணம் சேர்த்த டானிக் இனிப்பைக் கூட்டிவிடுமா? கெமோமில், ஹனிசக்கிள் பூக்களைச் சேர்த்து வடிக்கும் ப்ளூம் ஜின்னையும் சுவைத்தவர்கள் இருந்தால், இரண்டில் எதில் பூமணம் கடைசி மிடறுவரை நிற்கிறது என்று அவசியம் சொல்லுங்கள்.