என்.பி.ஐ. எண்ணில் தட்டச்சுப் பிழையைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்க மருத்துவ பில்லிங்கில் மருத்துவரின் என்.பி.ஐ. எண்ணை (மருத்துவச் சேவை தருபவர்களுக்கான அடையாள எண்), காப்பீட்டு கிளெய்ம் அனுப்பும் முன்பே சரிபார்க்க முடியுமா? 10 இலக்கம் இருக்கிறதா என்று பார்த்தால் போதுமா?

பதில் 1: போதாது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது; மற்ற இலக்கங்களிலிருந்து லூன் என்ற கணக்கு முறையில் அது கிடைக்கும். முதல் ஒன்பது இலக்கம் 123456789 என்று வையுங்கள். வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்தால் 18, 14, 10, 6, 2. இவற்றின் இலக்கங்களைத் தனித்தனியாகக் கூட்டினால் 23. மீதி 8, 6, 4, 2 சேர்ந்து 20. இதோடு 24 சேர்க்க வேண்டும்; கோட்டைவிடும் இடம் இதுதான். எண்ணுக்கு முன்னால் இருப்பதாகக் கொள்ளும் 80840 என்ற முன்னொட்டுக்கான கணக்கு அது. மொத்தம் 67, அடுத்த பத்தின் மடங்கான 70-க்கு 3 குறைகிறது; அதுதான் கடைசி இலக்கம். ஆக, எண் 1234567893.

பதில் 2: கணக்கு சரியாக வந்தாலும் அப்படி ஓர் எண் வழங்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. 09 என்பதை 90 என்று மாற்றி அடித்தால் லூன் பிடிக்காது. என்.பி.ஐ. எண்களை வழங்கும் அரசு அமைப்பான என்.பி.பி.இ.எஸ். பதிவேட்டில் பெயரையும் ஒப்பிடுங்கள், இலவசம்தான்.

பதில் 3: வகையையும் பாருங்கள். வகை 1 தனிநபருக்கு, வகை 2 நிறுவனத்துக்கு. குழு மருத்துவமனை என்றால் சி.எம்.எஸ்.-1500 என்ற கிளெய்ம் படிவத்தில் சிகிச்சை தந்தவரின் எண் 24-ஜே கட்டத்தில், பில் அனுப்பும் குழுவின் எண் 33-ஏ கட்டத்தில். மாற்றிப் போட்டால் எண் சரியாக இருந்தும் கிளெய்ம் திரும்பிவிடும்.