'ஸ்பிளிட் ஸ்கிரீன்' - பகுதிரையா, பிரிதிரையா?

இரா. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

நம் தொலைக்காட்சிக் கலைச்சொல் பட்டியலில் 'ஸ்பிளிட் ஸ்கிரீன்' எதிரே இன்னும் வெற்றிடம்தான். 'கப்ளிங்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரின் டிவிடிக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவோருக்கான குறிப்புத் தாளில் இது பெரிதாக இடிக்கிறது. அந்தத் தொடரின் மூன்றாம் சீசனின் (2002) முதல் எபிசோட் 'ஸ்பிளிட்'. காதலர்களான ஸ்டீவும் சூசனும் பிரிகிறார்கள். உடனே திரையும் நடுவே இரண்டாகிறது: ஒரு பாதியில் அவன் பக்கம் நடப்பது, மறுபாதியில் அவள் பக்கம் நடப்பது, இரண்டும் ஒரே நேரத்தில். தொடரை எழுதிய ஸ்டீவன் மொஃபாட் இதை ஒரு சின்ன உத்தியாக வைத்துவிட்டுப் போகவில்லை, கதையையே அதன் மேல் கட்டியிருக்கிறார். அதனால் சப்டைட்டில் எழுதுபவர் ஒவ்வொரு வரிக்கும் எந்தப் பாதி என்று குறித்தாக வேண்டும்.

என் முன்மொழிவு 'பகுதிரை'. பகுக்கப்பட்ட திரை என்று பொருள். சுருக்கமாகவும் இருக்கிறது. கருத்துச் சொல்லுங்கள்.

செ. எழுதியது:

> என் முன்மொழிவு 'பகுதிரை'.

இரா. ஐயா, இலக்கணப்படி சொல் சரி. ஆனால் படிக்கும்போது கண் 'பகுதி' என்று போய் நின்றுவிட்டு, பிறகு 'ரை'க்குத் திரும்புகிறது. 'பகுதிரைப் பகுதி' என்று ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள், சிக்கல் தெரியும்.

மற்றவற்றையும் பார்த்துவிடலாம். 'இருதிரை' என்றால் மேசை மேல் இரண்டு மானிட்டர் வைத்திருப்பது. 'பல்திரை' என்றால் மல்டிபிளெக்ஸ். 'பாதித்திரை' இரண்டுக்குப் பொருந்தும், மூன்றாகவோ நான்காகவோ பிரித்தால் நிற்காது. 'கூறுதிரை'யில் 'கூறு' சொல்வதையும் குறிக்கும், பேசும் படத்தில் அது குழப்பம். 'திரைப்பிளவு' என்று தேடினால் கீழே விழுந்து உடைந்த கைபேசிதான் வரும்.

நான் சொல்வது 'பிரிதிரை'. பிரிந்த திரை, பிரிகிற திரை, பிரியும் திரை என மூன்று காலமும் அடங்கிய வினைத்தொகை. வினைத்தொகையில் ஒற்று மிகாது. ஊறுகாய், சுடுசோறு போலத்தான். ஆகவே 'பிரித்திரை' என்று எழுதுவது பிழை. பட்டியலிலேயே இதைக் குறித்துவிட வேண்டும், இல்லையென்றால் பிழைதிருத்துபவர்கள் 'த்' சேர்த்துவிடுவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த எபிசோடின் தலைப்பு திரையையும் காதலர்களையும் ஒருசேரச் சுட்டுகிறது. தமிழில் அந்த இரட்டை வேலையைப் 'பிரிவு' பழைய காலத்திலிருந்தே செய்துவருகிறது. பாலைத் திணையின் உரிப்பொருளே பிரிதலும் பிரிதல் நிமித்தமும்தானே. 'பகு' என்ற வேரில் அந்த வலி இல்லை.

மு. எழுதியது:

வணக்கம். சொல் எதுவானாலும் வரையறை கறாராக இருக்கட்டும். நான்காம் சீசன் (2004) 'நைன் அண்ட் எ ஹாஃப் மினிட்ஸ்' என்ற எபிசோடில் தொடங்குகிறது. அதில் ஒரே ஒன்பதரை நிமிடம் மூன்று பேர் பார்வையில் அடுத்தடுத்து வரும். திரை முழுதாகவே இருக்கும், காலம்தான் திரும்பத் திரும்ப வரும். அதைப் பிரிதிரை என்று யாரும் எழுதிவிடக் கூடாது. அதுபோல ஒரே நடிகரை இரட்டை வேடத்தில் காட்ட இரண்டு படங்களை ஒட்டுவதும் பிரிதிரை ஆகாது. ஒட்டு தெரியாமல் இருப்பதுதான் அங்கே நோக்கம். இங்கே பிரிவு கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

துணைச்சொற்களும் வேண்டும். நடுக்கோட்டுக்குப் 'பிரிகோடு'. பக்கங்களுக்கு 'இடப்பாகம்', 'வலப்பாகம்'. பார்ப்பவரின் இடம், வலம் என்று குறிப்பில் சொல்லிவிடுங்கள்; நடிகரின் இடக்கை, வலக்கையோடு குழம்புகிறார்கள்.

இனி வேலைக்கு வருவோம். பிரிட்டனின் பால் (PAL) ஒளிபரப்பு முறை டிவிடியில் படம் 720 × 576 பிக்சல். 16:9 படமாக விரியும்போது அகலம் 1024க்கு நிகராகிறது. ஒரு பாகத்துக்கு வட்டில் 360 பிக்சல், பார்வையில் 512. முழுத்திரைக்கு எழுதிய தமிழ் வரியை அப்படியே வைத்தால் பிரிகோட்டைத் தாண்டி மறுபாகத்தில் இருப்பவர் வாய்க்குள் போய்விடும். வரியைச் சுருக்குங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்ற ஒற்றைச் சொல்லே பாகத்தில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ளும், 'போறேன்' போதும். பேச்சுத் தமிழ் இந்தத் தொடருக்கு இயல்பாகவும் இருக்கும்.

வரியின் இடத்தைக் குறிக்க வசதியுள்ள ஏஎஸ்எஸ் (ASS) சப்டைட்டில் கோப்பில் செய்பவர்கள் திரை அளவை 1024 × 576 என்று வைத்து, இரண்டு ஸ்டைல் உருவாக்குங்கள். இடப்பாகத்துக்கு இட ஓரம் 40, வல ஓரம் 532. வலப்பாகத்துக்கு இதை மாற்றிப்போடுங்கள். இரண்டிலும் கீழ்-நடு சீரமைப்பு. எளிய எஸ்ஆர்டி (SRT) சப்டைட்டில் கோப்பில் இடம் குறிக்க முறையான வழி இல்லை. சில பிளேயர்கள் குறியை ஏற்கும், சில அந்தக் குறியையே எழுத்தாகத் திரையில் காட்டும். அதில் செய்தே ஆக வேண்டுமென்றால் வரியின் தொடக்கத்தில் பேசுபவர் பெயரைப் போடுங்கள்.

செ. எழுதியது:

மு. அவர்கள் சொன்னதோடு ஒன்று. வட்டிலேயே பதிக்கும் சப்டைட்டில் எழுத்தாக இருப்பதில்லை, படமாக இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு சப்டைட்டில் தடம்தான் தெரியும். ஆகவே இரு பாகமும் ஒன்றாகப் பேசினால் இரண்டு வரியும் ஒரே படத்துக்குள் இருக்க வேண்டும். அந்தப் படத்துக்கு நான்கே நிறம், அதில் ஒன்று ஒளிபுகும் நிறம். இடத்துக்கு மஞ்சள், வலத்துக்கு வெள்ளை என்று பிரித்தால் விளிம்புக் கறுப்போடு கணக்கு முடிந்துவிடும். வளைவை மென்மையாக்கும் இடைநிறத்துக்கு இடம் கிடையாது. இ, ண, ஞ எல்லாம் படிக்கட்டு போலத் தெரியும். நிறத்தை விடுங்கள், பிரிகோடே போதும்.

மெய்யெழுத்தின் புள்ளியைக் கவனியுங்கள். பழைய பிக்சர் டியூப் தொலைக்காட்சி படத்தின் ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாறி மாறிக் காட்டும். புள்ளி ஒரே வரி உயரம் என்றால் துடிக்கும். எல்சிடி தொலைக்காட்சி அந்த இருவகை வரிகளையும் ஒன்றாகச் சேர்க்கும்போது சில நேரம் காணாமலே போகும். 'பாட்டு' 'பாடடு' ஆகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி குறைந்தது இரண்டு வரி, முடிந்தால் மூன்று வரி உயரம் வரும்படி தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.

இரா. எழுதியது:

'பிரிதிரை'யையே ஏற்கிறேன். 'பகுதிரை'யை விட்டுவிடலாம்.

நேரக் கணக்கு பற்றியும் தாளில் ஒரு வரி வேண்டும். பிரிட்டன் வட்டுக்கு எழுதிய கோப்பை வட அமெரிக்க வட்டுக்குப் போடும்போது பலர் நொடிக்கு 25 சட்டகத்திலிருந்து 23.976க்கு வேகத்தை மாற்றிவிடுகிறார்கள். திரைப்படத்துக்குத்தான் அந்தக் கணக்கு. இங்கிலாந்துத் தொலைக்காட்சிக்கென்று எடுத்த தொடரை வட அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) முறைக்கு மாற்றும்போது வழக்கமாக ஓட்டநேரம் மாறுவதில்லை. தேவையில்லாமல் மாற்றினால் அரைமணி எபிசோடின் முடிவில் ஒரு நிமிடத்துக்கும் மேல் தள்ளிப்போகும். தொடக்கத்தில் உள்ள சில நொடி வித்தியாசத்தை மட்டும் நகர்த்திச் சரிசெய்யுங்கள், பிறகு கடைசி வசனத்தில் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பட்டியலுக்கு:

பிரிதிரை (பெ.) - ஒரே சட்டகத்தில் இரண்டோ அதற்கு மேலோ காட்சிகள், பிரிவு தெரியும்படி, ஒரே நேரத்தில் ஓடும் அமைப்பு. ஒற்று மிகாது. இருபாகப் பிரிதிரை, முப்பாகப் பிரிதிரை என்று எண்ணிக்கை சேர்க்கலாம்.

பிரிகோடு, இடப்பாகம், வலப்பாகம் மூன்றும் அதன்கீழ் வரும். கைபேசியில் இரண்டு செயலிகளைச் சேர்த்துத் திறப்பதற்கும் இதே சொல் பொருந்துமா என்பதை மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்கள் சொல்லட்டும். அங்கே பிரிகோட்டை விரலால் நகர்த்த முடியும், அதற்கு ஒரு வினைச்சொல் தேவைப்படும்.